தாழிக்குள் கிடந்த கருகிய அரிசி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. பொறாமை உங்கள் சாமான்களைப் பார்த்து. தோண்டிய மண்ணைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரில் கலக்கி, மேலே மிதந்து வரும் கருகிய விதைகளை மெல்லிய துணியில் வடித்தெடுத்து, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கருவியின் கீழே வைத்து, இது சாமை, இது வரகு, இது ஏதோ காட்டுக்கிழங்கின் தோல் என்று பெயர் சொல்லிவிடுகிறீர்கள். எழுத்து என்பதே இல்லாத காலத்து ஆள் என்ன சாப்பிட்டான் என்று சொல்லத் தெரிந்த உங்களிடம், நேற்று முகாமில் என்ன குழம்பு வைத்தார்கள் என்று கேட்டேன். நாலு பேரும் முழித்தீர்கள். சிரிப்பு அதற்காக.

உங்கள் முகாம் அதிகாரி என்னை அழைத்து, "பிள்ளைகளுக்கு உபயோகமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். கரண்டியை எப்படிப் பிடிக்க வேண்டும், மண்ணின் நிறத்தை எப்படிப் பதிய வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஒரு கைப்பிடி அரிசியின் கதையைச் சொல்கிறேன். இதைச் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அந்தக் காரணம் கடைசியில் வரும். அதுவரை கொட்டாவி விடாமல் இருங்கள்.

வெள்ளைக்காரர் காலம், முப்பதுகளின் நடுப்பகுதி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, சிற்றாற்றுக்கு வடக்கில் ஒரு செம்மண் மேடு. சுற்றிலும் வயல். மேட்டில் நின்றால் கிழக்கே தென்காசியின் மொட்டைக் கோபுரம், மேற்கே மலை. அந்த மேட்டுக்குள் தாழிகள் புதைந்திருந்தன. செத்தவர்களின் எலும்புகளை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள்தான் தாழி. எங்கள் தொல்பொருள் துறை அங்கே முகாம் போட்டிருந்தது. நான் பாவூர்சத்திரத்துக்காரன். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. குழிகளையும் மண் அடுக்குகளையும் படம் வரைவது என் வேலை.

முகாமுக்குத் தலைவராக இருந்தவரை நாங்கள் பெரியய்யா என்போம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் நெல் விவசாயக் குடும்பம். நல்ல பருமன். குழிக்குள் இறங்க அவருக்கு ஏணி வேண்டும், ஏற இரண்டு ஆள் வேண்டும். என்மேல் பிரியமாக இருக்கும்போது "ஏலே" என்று கூப்பிடுவார். கோபம் வந்துவிட்டால் "தம்பி" என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அதனால் அவர் வாயிலிருந்து "தம்பி" வந்தால் நான் என் படங்களை மறுபடி சரிபார்ப்பேன்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். இந்த மலையடிவாரத்தில் தாழியில் புதைந்தவர்கள் நெல் விளைத்துச் சோறு தின்றவர்கள் என்பது. துறையில் இருந்த மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். மலையில் கிழங்கும் தேனும் எடுத்துப் பிழைத்த கூட்டம் இது, இவர்களுக்கு ஏது நெல் என்றார்கள். ஒன்றை நான் அப்போதே கவனித்தேன். கோதுமை தின்று வளர்ந்த அதிகாரி எங்கே தோண்டினாலும் கோதுமையைத் தேடினார். மீன் இல்லாமல் சாப்பிடாதவர் மீன் முள்ளைத் தேடினார். ஆளாளுக்குத் தன் இலையில் விழுந்ததைத்தான் குழிக்குள்ளும் தேடினார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது என்று நம்புகிறேன்.

பெரியய்யாவுக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மேட்டில் நெல்லுக்கு ஓர் அடையாளம் கிடைத்தால்தான் அடுத்த ஆண்டும் இங்கே தோண்ட அனுமதி, இல்லாவிட்டால் குழிகளை மூடிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று மதராஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அவரே தேர்ந்தெடுத்துத் தோண்டிய இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் யாரோ கை காட்டியது.

அடையாளம் கிடைக்காமல் போனதற்கு நாங்களேதான் காரணம் என்பது வேடிக்கை. தாழிகளோடு சின்னச் சின்னக் கலயங்களும் சட்டிகளும் கிடைத்தன. செத்தவருக்குச் சோறோ கஞ்சியோ வைத்த சட்டிகளாகத்தான் இருக்கும். அவற்றை வெளியே எடுத்ததும் முதல் காரியமாக நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? நன்றாகத் தேய்த்துக் கழுவுவோம். அந்தக் காலத்தில் அதுதான் முறை. படம் எடுக்கும்போது பளபளவென்று இருக்க வேண்டும் அல்லவா? அந்த மனிதர்கள் என்ன தின்றார்கள் என்று ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டே, அவர்கள் தின்ற பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தோம்.

கழுவும் வேலைக்கு மேட்டுக்குப் பக்கத்துத் தெருவைச் சேர்ந்த சண்முகத்தாய் வந்தாள். எங்கள் வாயில் அவள் சம்முகத்தாயி. நாற்பது வயதிருக்கும். புருஷன் இலங்கைக்கு, எங்கள் பேச்சில் கொழும்புக்கு, தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய் அங்கேயே காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று சொல்வார்கள். தேங்காய் நாரும் அடுப்புச் சாம்பலும் வைத்து அவள் தேய்த்தால், மண்ணுக்குள் யுகக்கணக்கில் கிடந்த சட்டி நேற்றுச் சந்தையில் வாங்கியதுபோல ஆகிவிடும். ஒருநாள் பெரியய்யாவுக்குத் திடீரென்று புத்தி தட்டியது. சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கருப்புப் பற்றெல்லாம் ஓடைக்குப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டு, இனிமேல் ஒன்றையும் கழுவக் கூடாது என்றார்.

சம்முகத்தாயிக்கு வந்ததே கோபம். "நல்லாருக்கே ஞாயம்! எச்சிச் சட்டிய அப்படியே அடுக்கி வைக்கச் சொல்லுதியளே, உங்க வீட்டுல இப்படித்தான் வச்சிருப்பாகளா?" என்று கேட்டாள்.

எது வேண்டுமோ அது ஏற்கெனவே சிற்றாற்றில் கலந்து போயிருந்தது. மிச்சம் இருந்தவை சில தாழிகள்தான். இனி தாழிக்குள் ஏதாவது தானியம் கிடைத்தால் உண்டு.

இன்னொரு விஷயம். தோண்டுவதற்கு ஏற்ற மாதம் எது என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் துறையில் மதராஸ் மேலதிகாரி பார்வையிட வரும் மாதம் அது. அவர் எப்போதும் ஆனி, ஆடியில்தான் வருவார். குற்றாலத்தில் சாரல் விழும், அருவியில் தண்ணீர் கொட்டும், பங்களாவில் மைத்துனர் குடும்பத்தோடு தங்கலாம். குளித்தது போக மிச்ச நேரத்தில் எங்களைப் பார்வையிடுவார். அதற்காக, மூட வேண்டிய முகாமை மூடாமல் மழைக்குள்ளும் இழுத்துக்கொண்டிருந்தோம்.

சாரல் தொடங்குவதற்கு முந்தைய நாள்தான் ஒரு பெரிய தாழிக்குள் மண்டையோடு தெரிந்தது. பெரியய்யா ஏணியில் இறங்கி, சின்னத் தூரிகையால் முன்பற்களைத் துடைத்தார். வாய் திறந்தபடி இருந்தது. பற்கள் எல்லாம் மழுங்கித் தட்டையாகத் தேய்ந்திருந்தன. வாய்க்குள்ளும் தொண்டைப் பக்கமும் இன்னும் மண். மீதியை மறுநாள் பார்ப்போம் என்று பனையோலைத் தட்டியால் தாழியை மூடிவிட்டு ஏறினோம். குழிக்கரையில் கூடையோடு நின்ற சம்முகத்தாயி அந்த மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாரல். அதற்கடுத்த நாளும் சாரல். வேலை நின்றுவிட்டது. மேலதிகாரி குற்றாலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். எல்லாரும் வந்து ஒரு குளியல் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் சாரல் விட்டதும், குழிகள் காயட்டும் என்று முகாம் மொத்தமும் பேரருவிக்குப் போனோம். பெரியய்யா அருவிக்குக் கீழே நின்றபோது அவருக்குப் பின்னால் நின்ற என்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

வெயில் கண்டதும் காலையில் தட்டியைத் தூக்கினோம். தாழிக்குள் குனிந்த பெரியய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மழை ஓரங்களைக் கரைத்துவிட்டிருந்தது. மண்டையோட்டின் திறந்த வாய்க்குள் கருப்பாகச் சில மணிகள். சுற்றிலும் கொஞ்சம் சாம்பல்.

"ஏலே! இங்கன வாலே! இது என்னன்னு பாருலே!"

அரிசி. கருகிய அரிசி. சிலது முழுசாகக் கரி, சிலது பாதி. சாம்பலோடு இருப்பதால் நெருப்பு வளர்த்துச் சடங்கு செய்திருக்கிறார்கள் என்றார். வாய்க்குள்ளிருந்த மண்ணை மழையே கழுவி எடுத்துக் காட்டிக் கொடுத்துவிட்டது என்றார். அந்தப் பெரிய உடம்பு குழந்தைபோலக் குதித்தது. உடனே பங்களாவுக்கு ஆள் போனது. மேலதிகாரி மறுநாள் காலை விருந்தாளிகளோடு நேரில் வருவதாகப் பதில் வந்தது.

மத்தியானம் நான் படம் வரைய உட்கார்ந்தேன். வரைகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கண்டுபிடித்தவனுக்கு இருக்கும் சந்தோஷம் அவனுக்குக் கிடையாது. அதனால் அவன் கண்ணுக்குக் கோடுகள் தெரியும். தாழிக்குள் ஒரு மெல்லிய மஞ்சள் வண்டல் படிந்திருந்தது. சாரலில் கலங்கல் தண்ணீர் ஓலை வழியாக இறங்கி, வற்றியபோது விட்டுப் போன படிவு. பற்களின்மேலும் அது இருந்தது. நாக்கு இருக்க வேண்டிய இடத்திலும் இருந்தது. சாம்பலும் அரிசியும் அந்த வண்டலுக்கு மேலே உட்கார்ந்திருந்தன.

அதாவது மழைக்குப் பிறகு வந்த அரிசி.

பென்சிலைக் கீழே வைத்தேன். அந்தக் கோட்டை வரையாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பெரியய்யா சந்தோஷமாக ஓய்வு பெறுவார். எனக்கும் அடுத்த ஆண்டு சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வேலை. வரைந்தால் எல்லாம் போயிற்று. வரைவதற்கு முன், இது எப்படி வந்தது என்று தெரிய வேண்டும் என்று நினைத்தேன். முகாமில் யாராவது அவரைக் கேலி செய்வதற்காக விளையாடியிருப்பார்களோ என்ற சந்தேகம்தான் முதலில் வந்தது. நாங்கள் அருவிக்குப் போன அன்று மேட்டில் காவலுக்கு இருந்தது சம்முகத்தாயி மட்டும். அவளிடம் போனேன்.

"யக்கா, நாங்க குளிக்கப் போன அன்னைக்கி அந்தத் தாழிப் பக்கம் யாரும் வந்தாகளா?"

"யாரும் வரலியே சின்னையா. நான்தான் போனேன்."

"நீங்களா? எதுக்கு?"

"வாய்க்கரிசி போட."

கூடை முடைவதைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"அந்த மனுசன் வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்காரு. பெரியய்யா ஒவ்வொரு பல்லாத் தொடச்சாக. நானும் பாத்துக்கிட்டே நின்னேன். வாயில ஒரு மணி அரிசி இல்ல. எவ்வளவு காலமா வெறும் வாயோட கெடந்தாரோ! வீட்டுல போயி ஒரு பிடி அள்ளிட்டு வந்து போட்டேன். சூடம் கொளுத்துனேன். தட்டி ஓரத்துல தீப்பிடிச்சி உள்ள விழுந்துட்டு. தண்ணிய ஊத்தி அமத்திட்டு வேற தட்டி வச்சி மூடுனேன். பழைய தட்டிக்குக் காசு பிடிப்பாகளா?"

"அதெல்லாம் பிடிக்க மாட்டாக" என்றேன்.

பிறகு மெல்லச் சொன்னாள்: "எங்க வீட்டு மனுசன் கொழும்புல போனாரு. சேதி வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சி போச்சி. அவரு வாயில யாரும் அரிசி போட்டாகளோ இல்லையோ. போடலன்னுதான் என் மனசு சொல்லுது. இங்கன ஒரு வாய் தொறந்து கெடக்கேன்னு போட்டுட்டேன். தப்பா சின்னையா?"

"தப்பு இல்லக்கா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஒரு பிடி அரிசி எங்கள் பெரியய்யாவின் தலையில் விழப்போகும் பாறாங்கல் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பொழுது சாய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கூடாரத்துக்குப் போனேன். பெரியய்யா மறுநாள் போட்டுக்கொள்ளத் தன் கோட்டை எடுத்து வெளியே வைத்திருந்தார். சாரலில் அது முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது. பிரஷ்ஷால் தட்டிக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அரிசி வண்டலுக்கு மேல இருக்கு."

"எந்த வண்டல்லே?"

"இந்த வாரம் பெஞ்ச மழையோட வண்டல்."

பிரஷ் நின்றது. "தம்பி" என்றார்.

மறுபடியும் கோட்டைத் தட்டத் தொடங்கினார். "தம்பி, எலி கிளறியிருக்கும். எறும்பு இழுத்துட்டு வந்திருக்கும். கீழ கெடந்தது மேல வந்திருக்கும். இதெல்லாம் நடக்கக்கூடியதுதான."

"யாரு போட்டதுன்னும் தெரியும்யா" என்று சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கொழும்பையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குழிக்கு நடந்தார். பலகையை மேலே போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, தலையைத் தாழிக்குள் விட்டுக்கொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது சட்டை முழுக்கச் சேறு.

"ஏலே" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ரெண்டு நாளைக்கி லீவு போட்டுட்டு உங்க ஊருக்குப் போயிருக்கக் கூடாதாலே நீ?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் அப்படி அழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

"படத்துல அந்தக் கோட்டைப் போட்டியாலே?" என்று கேட்டார்.

"இன்னும் போடலய்யா."

"போடு. அழுத்திப் போடு. நாளைக்கி அவுக வந்தா நான் பேசிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத. அந்தப் பொம்பள பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. அவளுக்கு இங்கன கெடைக்கிற கூலிதான் கஞ்சி."

மறுநாள் காலை மேலதிகாரி காரில் வந்தார். கூடவே மைத்துனர், மைத்துனரின் மனைவி, குடைகள், ஒரு கூடை மங்குஸ்தான் பழம். மைத்துனர் குழிக்கரையில் நின்று பழத்தைப் பிதுக்கித் தின்று, தடித்த தோலைக் குழிக்குள் போட்டார். பெரியய்யா குனிந்து எடுத்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொரு தோல் விழுந்தது. அதையும் எடுத்தார். பூஞ்சை போன கோட்டில் மங்குஸ்தான் கறை ஏறியது. எதிர்காலத்தில் உங்களைப் போன்ற கெட்டிக்காரர் ஒருவர் அந்த மேட்டைத் தோண்டி, தாழி வைத்த மக்கள் மங்குஸ்தான் தோப்பு போட்டிருந்தார்கள் என்று எழுதிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு.

"எங்கே உங்கள் அரிசி?" என்றார் மேலதிகாரி. "நேற்றே பங்களாவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஜில்லா கலெக்டருக்குக்கூடச் சொல்லியாயிற்று."

"அரிசி இருக்கு சார். ஆனா அது இந்த வாரம் விழுந்த அரிசி."

"என்னய்யா விளையாடுகிறீரா?"

பெரியய்யா வண்டலைக் காட்டினார். என் படத்தையும் காட்டினார். மேலதிகாரி மக்கு இல்லை. பார்த்ததும் புரிந்துகொண்டார். ஆனால் மைத்துனர் பக்கத்தில் நிற்கிறார். கலெக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் பெரியய்யாவைத் தனியே நாலடி தள்ளி அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். காது நீளமாக இருந்த வயதில் எனக்கு அது நன்றாகக் கேட்டது.

"கருகின அரிசி கருகின அரிசிதானே. இருக்கிறபடியே அறிக்கையில் போடுங்கள். சந்தேகத்தை வேண்டுமானால் அடிக்குறிப்பில் சேர்த்துவிடலாம். அடுத்த வருஷத்துக்கு அனுமதிக்கு நான் ஆயிற்று."

அவர் இத்தனை வருஷம் ஏங்கியது அவ்வளவும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

"சந்தேகம் இருந்தா அடிக்குறிப்புல போடலாம் சார்" என்றார் பெரியய்யா. "எனக்குச் சந்தேகமே இல்லையே."

மேலதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "யார் இந்த அரிசியைப் போட்டது? உடனே எனக்குத் தெரிய வேண்டும்" என்றார்.

குழிக்கரையில் வரிசையாக நின்ற ஆட்களில் சம்முகத்தாயியும் இருந்தாள். அவளுக்கு விஷயம் முழுவதும் புரியவில்லை. ஆனால் தன் அரிசியால் பெரியய்யாவுக்கு ஏதோ கெடுதல் வந்துவிட்டது என்று மட்டும் புரிந்துவிட்டது. கூடையைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, நான்..."

"சம்முகத்தாயி!" என்று பெரியய்யா அதட்டினார். "அங்கன என்ன வேடிக்க? போயி ஐயாமாருக்குக் காப்பித் தண்ணி கொண்டா, போ!"

அவள் தயங்கித் தயங்கிப் போனாள். பெரியய்யா மேலதிகாரி பக்கம் திரும்பினார். "திறந்த குழிய மூடிக் காவல் வைக்க வேண்டிய பொறுப்பு முகாம் தலைவருக்கு சார். மழை நாள்ல குழியப் பாக்காம அருவியில குளிச்சிக்கிட்டு நின்னது நான். உங்க பக்கத்துலதான் நின்னேன்."

அதற்குமேல் மேலதிகாரியால் என்ன கேட்க முடியும்? குளிக்கக் கூப்பிட்டதே அவர்தானே. காப்பி வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. மங்குஸ்தான் கூடையை மறந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதை நாங்கள் தின்றோம். துக்கத்திலும் அது இனிப்பாகத்தான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் முகாமை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்த ஆண்டுக்கு அனுமதி கிடையாது. முகாம் நிர்வாகத்தில் கவனக்குறைவு என்று பெரியய்யாவின் பேருக்கு ஒரு கருப்புப் புள்ளியும் வந்தது.

அவர் எழுதிய அறிக்கை சின்னது. தாழிக்குள் இருந்தவரின் பற்கள் மழுங்கித் தேய்ந்திருக்கின்றன, கல்லில் அரைத்த மாவில் கலந்த மணல் அப்படித் தேய்க்கும், ஆகவே இவர் ஏதோ ஒரு தானியத்தை அரைத்துத் தின்றவராக இருக்கலாம், அது என்ன தானியம் என்று தெரியவில்லை. அவ்வளவுதான். நெல் என்ற சொல்லே அதில் இல்லை. நெல்லுக்காகவே வாழ்ந்த மனிதர் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். உங்களுடைய கட்டுரைகளை எல்லாம் உங்கள் அதிகாரி எனக்குப் படிக்கக் கொடுத்தார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லைத் தேடினேன். யாருடையதிலும் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது போலும்.

கடைசி நாள் மண்டையோட்டைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி வைத்தோம். வாய்க்குள் கிடந்த அரிசியை நான் இடுக்கியால் எடுக்கப் போனேன். பெரியய்யா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது கெடக்கட்டும்லே" என்றார். 'பிற்காலத்தது, எடுக்க வேண்டாம்' என்று ஒரு சீட்டில் எழுதித் தாடையெலும்பில் நூலால் கட்டினார். முறைப்படி பார்த்தால் இரண்டில் ஒன்றுதான் சரி. சீட்டுக் கட்டியது சரி.

ஆணி அடிக்கும் முன் சம்முகத்தாயி வந்தாள். "இவர எங்கன கொண்டு போறிய?" என்று கேட்டாள்.

"மதராஸுக்கு."

"அம்புட்டுத் தூரமா?" என்று திகைத்தாள். கடல் தாண்டிப் போனவனை நினைத்துக்கொண்டாளோ என்னவோ. "அங்கன இவருக்கு யாரு இருக்கா?"

எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் வைத்திருக்கும் பெரியய்யா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நான் இருக்கேன்லா."

சொன்னதோடு நிற்கவில்லை. ஓய்வுபெறும்வரை மதராஸ் கிடங்கில் அந்தப் பெட்டியின் தூசியை அவரேதான் துடைத்தார். ஏணி வைத்து, இரண்டு ஆள் பிடித்துக்கொள்ள, மேல் தட்டுக்கு ஏறித் துடைப்பார். அவருக்குப் பிறகு நான் துடைத்தேன். எனக்கும் ஓய்வு வந்தது. கடைசியாக நான் திறந்து பார்த்தபோது சீட்டைப் பூச்சி முழுசாகத் தின்றுவிட்டிருந்தது. நூல் மட்டும் தொங்கியது. புதுச் சீட்டு எழுதிக் கட்டினேன். கிடங்கில் அதையும் பூச்சி தின்னும்.

கதையைச் சொல்ல வந்த காரணம் இதுதான். உங்களில் யாராவது ஒருவர் என்றைக்காவது அந்தப் பெட்டியைத் திறப்பீர்கள். மண்டையோட்டின் வாய்க்குள் கருகிய அரிசியைப் பார்ப்பீர்கள். இதயம் படபடக்கும். உடனே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிட வேண்டாம். காலம் கணிக்க எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அதை அனுப்பவும் வேண்டாம். தொடாமல் மூடி வையுங்கள். அது சம்முகத்தாயி தன் புருஷனுக்குப் போட்ட அரிசி.